அரசங்கன்றுக்குத் தண்ணீர்

மருதூரணிக்கு முதல்முறை வருகிறவர்கள் மடத்துச் சாமியாரைக் கும்பிட்டுவிட்டு அண்ணாந்து பார்ப்பார்கள். உடனே கேள்வி வந்துவிடும். இவ்வளவு அருமையான சத்திரத்தில் மேற்குப் பாதிக்கு ஏன் கூரை இல்லை, இதற்கெல்லாம் உதவி செய்ய ஆளே இல்லையா என்பார்கள். சாமி பேசாமல் இருப்பார். உலையைப் பார்த்துக்கொண்டிருக்கிற நான்தான் எழுந்து வந்து சொல்ல வேண்டும். மடத்தில் சோறு பொங்குவது என் வேலை, கதை சொல்வது இல்லை. ஆனாலும் வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

எங்கள் மடம் என்பது அந்தச் சத்திரம்தான். ராமேசுவரத்துக்கு நடந்து போகிறவர்களுக்காக யாரோ ஒரு புண்ணியவான் கட்டியது. முன்னால் ஊருணி, அதைச் சுற்றி மருதமரங்கள். புரட்டாசி பிறந்ததும் வீட்டுக்கு ஓர் ஆள் சுண்ணாம்புக் கூடையோடு வந்துவிடுவார்கள். கடுக்காய்த் தண்ணீர் விட்டு இடித்து, கூரைத் தளத்தில் விரிசல் கண்ட இடமெல்லாம் ஒட்டுப் போடுவோம். அன்றைக்கு எல்லோருக்கும் மடத்தில் சாப்பாடு. வருகிற மழைக்கு அது தாங்கும். அதற்கடுத்த மழையைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை.

இன்னொரு வேலையும் உண்டு. மேற்குப் பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் காக்கை எச்சத்தில் அரசங்கன்று முளைக்கும். விட்டால் வேர் சுவரைப் பிளந்துவிடும். பிள்ளையார் மரமாயிற்றே, பிடுங்க யாருக்கும் கை வராது. பஞ்சவர்ணம் ஒருத்திதான் பிடுங்குவாள். ஆடு வளர்க்கிறவள், புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறிவிடுவாள். பாவமில்லையா என்று கேட்டால், "நானா திங்கிறேன், ஆடுல்ல திங்குது" என்பாள். மழை பெய்தால் அவள் ஆடுகள் அந்த மேற்குச் சுவரோரம்தான் ஒண்டி நிற்கும்.

வைத்தியலிங்கம் கலெக்டர் ஆபீசில் சூப்பரிண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்று மடத்துக்கு வந்தவர். சாமியைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் சாமி முன்னால் உட்காரமாட்டார், சாமி சாப்பிடாமல் சாப்பிடமாட்டார். நல்ல மனிதர். அதையும் சொல்லிவிட வேண்டும். கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்வது எனக்குச் சுலபம்.

பழைய கட்டடங்களையும், அவற்றைச் சேர்ந்த குளம் மரங்களையும் காப்பாற்ற மானியம் கொடுக்கிற ஓர் அறக்கட்டளை சென்னையில் இருப்பதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். எழுதிப் போட்டார். அலைந்தார். சத்திரம், ஊருணி, மருதமரங்கள் மூன்றையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்த அன்றைக்கு எனக்கு ஒரு புதுத் துண்டு வாங்கிக் கொடுத்தார்.

அறக்கட்டளையிலிருந்து இரண்டு பேர் காரில் வந்து படம் எடுத்தார்கள். அரசங்கன்று சுவரைப் பிளந்துகொண்டு நின்றது அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. சுற்றிச் சுற்றி அதையே எடுத்தார்கள். போகும்போது ஒரு விஷயம் சொன்னார்கள். தை மாதம் மேலதிகாரிகள் நேரில் வந்து பார்ப்பார்கள், அதுவரை எதையும் தொடாதீர்கள், நீங்களாக வேலை தொடங்கிவிட்டால் மானியம் கிடையாது, படத்தில் இருக்கிறபடியே இருக்க வேண்டும்.

புரட்டாசி பிறந்தது. ஊரார் கூடையோடு வந்தார்கள். வைத்தியலிங்கம் வாசலில் நின்று எல்லோரையும் திருப்பி அனுப்பினார். கும்பிட்டுத்தான் அனுப்பினார். ஒரே ஒரு வருஷம் பொறுங்கள், அப்புறம் உங்கள் பேரன் காலம்வரை இந்தக் கவலை இருக்காது என்றார். அவர்கள் சாமியைப் பார்த்தார்கள். சாமி ஊருணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாமி பேசாமல் இருந்தால் அதில் ஏதோ பெரிய அர்த்தம் இருக்கிறது என்று நாங்களே முடிவு செய்துகொள்வோம். வருஷக்கணக்காக அப்படியே பழகிவிட்டது. ஊரார் கூடையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். நான் பொங்கிய சோறு மிஞ்சிப்போனது.

அன்றிலிருந்து வைத்தியலிங்கத்துக்கு விரிசல் என்றால் ஒரு சந்தோஷம் வந்துவிட்டது. பொய்யில்லை. காலையில் எழுந்ததும் சுவரைப் போய்ப் பார்ப்பார். பெரிதாகியிருந்தால் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார், பேரப்பிள்ளைக்குப் பல் முளைத்ததைக் காட்டுகிற மாதிரி. எனக்கு எரிச்சலாக இருக்கும். அடுப்பு அணைந்துவிடும் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

பஞ்சவர்ணம் வழக்கம்போலக் கன்றைப் பிடுங்க வந்தாள். அவர் விடவில்லை. அவள் சண்டைக்காரி இல்லை. ஆனால் அன்றைக்கு நகரவில்லை.

"ஐயா, செவுரு வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிது. விழுந்தா யார் மேல விழும்?"

"மூணு நாலு மாசம் பொறும்மா. அதுவரைக்கும் ஆட்ட வேற எடத்துல கட்டு."

"ஆட்டுக்கு அந்த எடந்தான தெரியும்."

அவளும் சாமியைப் பார்த்தாள். சாமி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தியானமாக இருக்கும் என்று அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போய்விட்டாள்.

அந்த வருஷம் மழை தள்ளிப்போனது. புரட்டாசி வெயிலில் கன்று வாடத் தொடங்கியது. இலை தொங்கிவிட்டது. ஒரு நாள் காலையில் பார்க்கிறேன், வைத்தியலிங்கம் ஒரு கையில் செம்பைப் பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறுகிறார். மேலே போய், சுவரைப் பிளக்கிற அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். அது செத்துப்போனால் வருகிறவர்களுக்கு எதைக் காட்டுவது என்று நினைத்திருக்கிறார். அந்த வயதில் அந்த ஏணியில்.

சாமி அப்போது மருதமரத்தடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். வாய் கொப்பளித்துவிட்டு உள்ளே போனார். கன்றும் பிழைத்துக்கொண்டது. புதுத் துளிர்கூட விட்டது.

ஐப்பசியில் மழை பிடித்தது. பிடித்த மழை விடவில்லை. ஒட்டுப் போடாத தளம் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தது. வெயிலடிக்கப்போகிற மாதிரி ஒரு மத்தியானம் வானம் கொஞ்சம் வெளுத்தது. நான் சாதம் வடித்துக்கொண்டிருந்தேன். ஆடுகள் மேற்குச் சுவரோரம் நின்று கத்துவது கேட்டது. அப்புறம் பஞ்சவர்ணம் அவற்றை விரட்டுகிற குரல் கேட்டது. ஆடுகள் போகவில்லை போலிருக்கிறது. அவை எங்கே போகும்?

ஆட்டை நகர்த்த முடியாதவள் சுவர் மேல் ஏறினாள். கன்றைப் பிடுங்கிவிட்டால் சுவர் நிற்கும் என்று எண்ணியிருக்கிறாள். போன வருஷம் அது சரி. அதற்கு முந்தின வருஷங்களிலும் சரி. இந்த வருஷம் வேர் சுவருக்குள் இருக்கவில்லை, சுவர்தான் வேரில் தொங்கிக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டு ஓடினேன். மேற்குத் தளம் முழுக்க உள்ளே இறங்கிவிட்டது. ஆடுகள் வெளியே நின்றன. ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. நாங்கள் வெறுங்கையால் கல்லை எடுத்தோம். சாமியும் எடுத்தார். வைத்தியலிங்கம் நகம் பிய்ந்து ரத்தம் வடிய எடுத்தார், அம்மா அம்மா என்று சொல்லிக்கொண்டே எடுத்தார். அவளை வெளியே தூக்கியபோது உயிர் இல்லை. கன்று மட்டும் வேரோடு அவள் கையில் இருந்தது. விரல்களைப் பிரிக்க முடியவில்லை. சாமிதான் ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

ஊருக்கு மேற்கே சுடுகாட்டில் அவளைப் புதைத்தோம். எல்லோரும் திரும்பிய பிறகு சாமி மட்டும் நின்று, அந்தக் கன்றை அவள் தலைமாட்டில் நட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. இதற்கும் ஏதோ அர்த்தம் இருக்கும் என்று விட்டுவிட்டோம்.

காரியம் முடிந்து கொஞ்ச நாளில் அறக்கட்டளையிலிருந்து வைத்தியலிங்கத்துக்குப் போன் வந்தது. இடிந்த சேதி அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மிகவும் வருந்தினார்கள். சேதம் கூடிவிட்டதால் இனி யாரும் நேரில் வந்து பார்க்கத் தேவையில்லை, மானியத்தை உயர்த்தி உடனே கொடுக்கிறோம், சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார்கள்.

அவர் போனை வைத்துவிட்டுச் சுவரோரம் குந்திவிட்டார். சோறு போட்டு வைத்தேன், தொடவில்லை. கடைசியில் எழுந்து சாமியிடம் வந்தார்.

"வாங்கிக்கலாமா சாமி?"

சாமி எழுந்து போய் ஊருணியில் ஒரு செம்புத் தண்ணீர் மொண்டார். வைத்தியலிங்கம் ஏணியில் கொண்டு ஏறிய அதே செம்பு. சுடுகாட்டுப் பக்கம் நடந்தார். வைத்தியலிங்கம் பின்னால் போனார். எனக்கு மனசு கேட்காமல் நானும் போனேன்.

பஞ்சவர்ணத்தின் ஆடுகள் அங்கேதான் நின்றன. யாரும் ஓட்டிப்போகவில்லை, தானாக வந்திருக்கின்றன. ஒன்று கன்றின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தது. வைத்தியலிங்கம் கல்லெடுத்து விரட்டப் போனார். சாமி அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். ஆடு தின்று முடிக்கிறவரை நின்றோம். அப்புறம் சாமி பாதித் தண்ணீரைக் கன்றுக்கு ஊற்றினார். மீதியோடு செம்பை வைத்தியலிங்கத்திடம் நீட்டினார்.

அவர் வாங்கவில்லை.

"இது எனக்குத் தண்டனையா சாமி?"

"இல்ல."

"பின்ன?"

சாமி செம்பை நீட்டியபடியே நின்றார். வைத்தியலிங்கத்தின் முகம் மாறிவிட்டது. சாமி முன்னால் உட்காரக்கூட மாட்டாத மனிதர் அவர். அன்றைக்கு அவர் குரல் சுடுகாடு முழுக்கக் கேட்டது.

"நான் ஏணியில நின்னு இதுக்கு ஊத்துனப்ப நீங்க பாத்தீங்க. மரத்தடியில நின்னு பாத்தீங்க. அவ வந்து நின்னப்ப கண்ண மூடிக்கிட்டீங்க. நாங்க உங்க வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராதான்னுதான இங்க கெடக்கோம்? வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எறங்கியிருப்பேனே சாமி."

சொல்லிவிட்டு அழுதார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனால் காதை மூடிக்கொள்ளவில்லை. எனக்கும் அந்தப் பதில் வேண்டியிருந்தது.

"பாத்தேன்" என்றார் சாமி.

"பின்ன ஏன் சொல்லல?"

சாமி செம்பைத் தரையில் வைத்தார்.

"எனக்கும் அந்தக் கூரை வேண்டியிருந்துச்சு, வைத்தியலிங்கம்."