ஒரு அடி குறைந்த பாலம்

கடவுள் புத்தி பங்கிட்ட அன்றைக்கு மந்தப்பாளையத்தார் தூங்கிப்போனார்கள் என்று அக்கம்பக்கத்தார் சொல்வது சுத்த அவதூறு. முதல் ஆளாகப் போய் வரிசையில் நின்றவர்கள் அவர்கள்தான். வாங்கி வரப் பைதான் எடுத்துப் போகவில்லை.

ஊர்த் தலைவர் பெரியண்ணன், மகள் பாவாயியை வாய்க்காலுக்கு அக்கரையில் கொடுக்க நிச்சயம் செய்திருந்தார். வாய்க்காலுக்குப் பாலம் கிடையாது. சம்பந்தி நஞ்சப்பன் கறாரான ஆள்.

"நாங்க வேட்டி நனையாம பாலத்துல நடந்து வந்தாத்தான் கல்யாணம். இல்லீன்னா வேற பொண்ணு பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளையைப் பாவாயிக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பாவம், அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பாலத்துக்கு வரைபடம் போட்டுக் கொடுத்த இன்ஜினியர், "அடியில அளக்கறதா, மீட்டர்ல அளக்கறதா, ஏதாவது ஒண்ண முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு விடுப்பில் போனார். இவர்களை முடிவெடுக்கச் சொன்ன அந்த மகானை எந்த ஊர்க் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஊர் கூடியது. மேஸ்திரி சடையன் தன் வீட்டுச் சுவரிலிருந்த கரண்ட் மீட்டரைப் பிடுங்கி வந்து நடுவில் வைத்தான்.

"உலகம் பூரா இப்ப மீட்டர்தானுங்க."

"இது ஓடும்னு சொல்றாங்களேப்பா. ஓடற சாமானை வெச்சு எப்படி அளக்கறது?" என்றார் பெரியண்ணன்.

"செவுத்துல இருந்தப்ப ஓடுச்சுங்க. கழட்டுனதும் அடங்கிருச்சு."

"மறுபடி ஓடாதுன்னு என்ன நிச்சயம்? எம்புள்ள கல்யாண விஷயம். அடியே இருக்கட்டும்."

"யாரோட காலடிங்க?"

"தலைவன் நான் இருக்கறப்ப வேற யாரோடது?"

சடையனுக்கு முகம் சுண்டிப்போனது. மீட்டரைத் துண்டில் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டான்.

பெரியண்ணனுக்குப் பொழுது சாய்ந்தால் கால் வீங்கும். வாய்க்காலின் அகலத்தைச் சாயங்காலம் வீங்கிய காலால் அளந்தார். மறுநாள் விடிந்ததும் வற்றிய காலால் பாலத்துக்கு அளந்து கொடுத்தார். இரண்டு தடவையும் எண்ணிக்கை பிசகவில்லை. அக்கரையில் தொடங்கிய பாலம் மட்டும் இக்கரைக்கு எட்டவில்லை.

முகூர்த்த நாள் வந்தது. மேளதாளத்தோடு வந்த நஞ்சப்பன் பாலத்தின் நுனியில் நின்று கீழே ஓடும் தண்ணீரைப் பார்த்தார்.

"தாண்டிக் குதிக்க நான் என்ன ஆட்டுக்குட்டியா? இன்னும் ஒரு அடி போடுங்க, வர்றோம்."

பெரியண்ணன் பெண்ணைப் பெற்றவர். சம்பந்தி வாய்விட்டுக் கேட்ட பிறகு இல்லையென்று சொல்வாரா? மரியாதைக்குத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கரையோரம் போய் நின்று, எட்டி அவர் கன்னத்தில் பளாரென்று ஒரு அடி போட்டார்.

மேளம் நின்றது. நஞ்சப்பன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிலையாக நின்றார். பாவாயி அழ ஆரம்பித்தாள்.

"கேட்டதக் குடுத்துட்டனே, இன்னும் வரமாட்டீங்கறாரே" என்று பெரியண்ணன் கலங்கினார்.

சடையன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து தோளிலிருந்த துண்டு மூட்டையை அவிழ்த்தான்.

"நான்தான் அன்னைக்கே சொன்னனுங்களே, இந்தக் காலத்துக்கு அடி பத்தாதுன்னு. தள்ளி நில்லுங்க" என்று சொல்லி, மீட்டரை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினான்.