சாரம் கேட்ட ராஜாவும் வாத்தாகிப் போன ராணியும்

மரம் வாய் திறந்து பேசும், மலை எழுந்து இடம் மாறி உட்காரும், மந்திரத் தண்ணீர் பட்டால் மனுஷன் வேறொன்றாகிவிடுவான். அப்படி ஒரு காலம் இருந்தது, ரொம்ப ரொம்பக் காலம் முன்னே. அப்போது கொன்றைமாபுரம் என்றொரு ராஜ்ஜியம். அதை ஆண்டவன் ராஜா மகுடவர்த்தனன். நல்லவன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவனிடம் ஒரு கெட்ட வழக்கம். யார் எதைச் சொல்ல வாயெடுத்தாலும் கையை உயர்த்திவிடுவான்.

குடியானவன் வந்து மாடு தொலைந்த கதையை ஆரம்பித்தால், "சாரத்தைச் சொல்லும்!" தூதன் வந்து எல்லையில் நடந்ததைச் சொன்னால், "சாரத்தைச் சொல்லும்!" ராணி செண்பகவடிவு ஏதாவது ஒரு காவியத்தை மடியில் வைத்துக்கொண்டு, "இந்த இடத்தைக் கேளுங்களேன், எவ்வளவு அழகா இருக்கு!" என்று ஆசையாகத் தொடங்கினாலும் அதே பாட்டுத்தான்.

"சாரத்தைச் சொல்லு. இதையெல்லாம் படிச்சு என்ன ஆகப்போகுது? நெல்லு விளையுமா? கோட்டை எழும்புமா?"

ராணிக்குப் பற்றிக்கொண்டு வரும். முதுகைத் திருப்பிக்கொண்டு உட்காருவாள். வேறென்ன செய்வாள்? கட்டிக்கொண்டாயிற்றே!

ஒருநாள் சடாதரன் என்ற மாயாவி சபைக்கு வந்தான். வெறும் மாயாவி இல்லை, கவி பாடுகிற மாயாவி. தான் எழுதிய காவியத்தைத் தலையில் சுமந்துவந்து இறக்கினான். தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் பாட்டைப் பாடினான். ராணி கண்ணை மூடிக் கேட்டாள். இரண்டாம் பாட்டைப் பாடினான். ராணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூன்றாம் பாட்டுக்கு வாயெடுத்தான், ராஜா கையை உயர்த்திவிட்டான்.

"சாரத்தைச் சொல்லும்!"

மாயாவிக்கு வந்ததே கோபம்! கமண்டலத்துத் தண்ணீரை அள்ளி வீசினான். ராஜா மேல் வீசினானா? அதுதான் இல்லை. பக்கத்தில் இருந்த ராணி மேல் வீசினான்.

அவ்வளவுதான், ராணியைக் காணோம். அரண்மனைக் குளத்தில் நூற்றுக்கணக்கான வெள்ளை வாத்துகளுக்கு நடுவில் இன்னொரு வெள்ளை வாத்து நீந்திக்கொண்டிருந்தது.

"உன் ராணியைக் கண்டுபிடி, ராஜா! ஒரே ஒரு வாத்தைத்தான் நீ தொடலாம். மாற்றித் தொட்டால் அவள் காலமெல்லாம் வாத்துதான். பௌர்ணமி நிலா ஏறுவதற்குள் தொடாவிட்டாலும் வாத்துதான். 'நான்தான் ராணி' என்று அவளே காட்டிக்கொடுத்தாலும் வாத்துதான். வழி என் காவியத்தில் இருக்கிறது, படி!" என்று சொல்லிவிட்டு மாயாவி புகையாய்ப் போனான்.

'அட பாவி! நான் என்னடா பண்ணினேன்? உன் பாட்டைக் கேட்ட ஒரே ஆள் நான்தானே!' ராணிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வாயிலிருந்து வந்ததோ வெறும் "குவாக்!"

ராஜா துடித்துத்தான் போனான், பாசம் இல்லாதவன் இல்லை. ஆனால் பழக்கம் விடுமா? மந்திரி விகடசேனரைக் கூப்பிட்டு, "மந்திரியாரே, இதைப் படித்துவிட்டுச் சாரத்தைச் சொல்லும்!" என்றான்.

மந்திரி குளக்கரையில் உட்கார்ந்து நடுப்பக்கத்தைப் புரட்டினார். வெள்ளையாக இருந்தது. கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். அதுவும் வெள்ளை. அது மாயாவியின் புத்தகமாயிற்றே! முதலிலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தால்தான் அடுத்த எழுத்து கண்ணுக்குத் தெரியும். இதெல்லாம் நமக்கு ஆகிற காரியமா என்று மந்திரி புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து ராஜாவிடம் போனார். குளத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ராணி தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். கை இருந்தால்தானே!

"பிரபு, சாரம் இவ்வளவுதான். ஒருத்தி பிரிந்தாள், அழுதாள், சேர்ந்தாள். சுபம்."

"அப்படியானால் அழுகிற வாத்துதான் என் ராணி!" என்று ராஜா ஓடிவந்தான். கரையில் நின்ற ஒரு வாத்துக்குக் கண்ணில் நீர் வழிந்தது. கையை நீட்டினான்.

'ஐயோ, அதுக்குச் சளி பிடிச்சிருக்கு! என்னை வாத்தாவே விட்டுடுவார் போலிருக்கே!' ராணிக்கு உயிரே போய்விட்டது. நல்ல வேளை, அந்த வாத்து மிரண்டு தண்ணீரில் குதித்தது.

அடுத்து மூன்று பண்டிதர்கள் வந்தார்கள். காவியம் கிழக்கே பிறந்தது என்றார் ஒருவர். மேற்கே என்றார் இன்னொருவர். உவமை போதாது என்றார் மூன்றாமவர். மூடிய புத்தகத்தின் மேலேயே வெற்றிலைத் தட்டை வைத்துக்கொண்டு பௌர்ணமிக்கு முந்தின நாள்வரை சண்டை போட்டார்கள்.

'பிரிச்சுப் பாருங்களேன்யா! ஒரு பக்கமாவது பிரிச்சுப் பாருங்களேன்!' என்று ராணி மனசுக்குள்ளேயே கத்தினாள்.

"சாரத்தைச் சொல்லும்!" என்றான் ராஜா.

"பிரபு, எங்களுக்குள் மூன்று கருத்து இருக்கிறது. மூன்றிலும் வாத்து இல்லை" என்றார்கள்.

ராஜா மூன்று பேரையும் விரட்டிவிட்டான். பௌர்ணமி அன்று காலையில் தானே காவியத்தைத் தூக்கிக்கொண்டு தனியாகக் குளக்கரைக்கு வந்தான். முதல் வேலையாகக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தான். வெள்ளையாக இருந்தது. புத்தகத்தை வீசி எறிந்தான், மறுபடி எடுத்தான். வேறு வழியில்லாமல் முதல் பாட்டில் விரலை வைத்து, எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தான்.

'ஆண்டவா, என்ன வாசிப்பு இது! பாட்டைக் கொலை பண்றாரே!' என்று ராணி நொந்துகொண்டாள். ஆனாலும் கரையோரமாக ஒதுங்கி நின்று கேட்டாள்.

காவியத்தில் பொன்மாலை என்று ஒருத்தி. அவள் புருஷன் கடல் கடந்து போனவன். வருஷங்கழித்து ஒரு தூதன் வந்து, "அவர் சுகம்" என்று மட்டும் சொன்னான். முகம் இளைத்திருக்கிறதா, இருமல் போயிற்றா, 'சுகம்' என்று சொல்லியனுப்பும்போது சிரித்தாரா, தரையைப் பார்த்தாரா என்று அவள் கேட்டுக்கொண்டே போனாள். தூதன் சலித்துக்கொண்டான். "அம்மா, சாரத்தைத்தான் சொல்லிட்டேனே."

"சாரத்தோடா நான் குடும்பம் நடத்தினேன்?" என்றாள் பொன்மாலை.

ராஜாவின் விரல் அந்த வரியிலேயே நின்றது. இன்னொரு தடவை படித்தான். அவன் கண் கலங்கிவிட்டது. யாரோ பொன்மாலை, எந்தக் காலத்திலோ கஷ்டப்பட்டவள், அவளுக்காக இவன் அழுதான்.

"செண்பகம்" என்று கூப்பிட்டான். "நீ எங்கே இருக்கேன்னு தெரியல. இருந்தா கேட்டுக்கோ. உங்க அம்மா காரியம் முடிஞ்சு ஊர்லேர்ந்து வந்தியே, ஏதோ சொல்ல ஆரம்பிச்சே. நான் சாரத்தைக் கேட்டேன். 'அம்மா போயிட்டாங்க'ன்னு சொல்லிட்டு உள்ளே போயிட்டே. அப்போ உனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் யோசிக்கவே இல்லையே!"

கேட்டதும் ராணிக்கு ஆத்திரம்தான் வந்தது. இத்தனை வருஷம் கழித்துத்தானா இது தோன்றியது? அவன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. விருட்டென்று திரும்பி நின்றுகொண்டாள். காட்டிக்கொடுக்கத் திரும்பவில்லை, வயிற்றெரிச்சலில் திரும்பினாள்.

ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு குளத்தைப் பார்த்தான். அழுகிற வாத்தை அவன் இப்போது தேடவில்லை. 'இத்தனை நாள் என் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அழுதுகொண்டா இருப்பாள்? வெறுத்துப் போயிருப்பாளே!' என்று நினைத்தான். அத்தனை வாத்தும் இரை தேடி அவனைப் பார்த்து நின்றன. ஒன்று மட்டும் கரையோரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அந்த முதுகு அவனுக்குத் தெரிந்த முதுகு.

இறங்கிப் போய் மெல்லக் கையை வைத்தான்.

மந்திரம் அறுந்தது. முழங்கால் தண்ணீரில், ஈரப் புடவையோடு, செண்பகவடிவு நின்றாள். ராஜா வாய் திறக்குமுன் அவள் முந்திக்கொண்டாள்.

"முதல் நாளே நீங்க பிரிச்சிருந்தா எனக்கு இந்தப் புழு பூச்சியெல்லாம் தின்கிற தலையெழுத்து வந்திருக்குமா?"

"வந்திருக்காது. தப்புத்தான்" என்றான் ராஜா. பிறகு கரையில் தன் மேல்துண்டை விரித்தான். "வா, உட்காரு. அம்மா எப்படிப் போனாங்க? முதல்லேர்ந்து சொல்லு."

ராணி அவனை முறைத்தாள். பிறகு உட்கார்ந்தாள். அம்மா படுக்கையில் விழுந்த நாளிலிருந்து ஆரம்பித்தாள். அம்மா கடைசியாக இளநீர் கேட்டதையும், அது வந்து சேர்வதற்குள் மூச்சு நின்றதையும் சொன்னாள். நிலா ஏறியது. சபையிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். ராஜா எழுந்திருக்கவில்லை, கையையும் உயர்த்தவில்லை. "அப்புறம்?" என்று கேட்டான்.

அவர்கள் அங்கே சுகமாக இருந்தார்கள், கேட்ட நாமும் இங்கே சுகமாக இருப்போம்.