எட்டாவது மாடு

காலைக் கொஞ்சம் ஒடுக்கிக்கோ முகிலா, அத்தைக்கும் படுக்க இடம் வேணும்ல. சாயங்காலம் ஐரோப்பா படத்துக்குக் கலர் அடிச்சுட்டு, இந்த நாடெல்லாம் யாரு அத்தை செஞ்சாங்கன்னு கேட்டே. உங்க புஸ்தகத்துல ராஜா செஞ்சாருன்னு போட்டிருக்கும். பாவம், ராஜாவுக்குச் சண்டை போடவே நேரம் பத்தலை. நான் வேற ஆளைச் சொல்றேன். கண்ணை மூடிக்கிட்டுக் கேளு. நடுவுல "ம்" வரணும். வரலேன்னா கதை அப்படியே நின்னுடும்.

ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு கலப்பையாம்.

"ம்."

ஊருன்னா நம்ம பக்கம் இல்ல. கடல் தாண்டி, மலை தாண்டி, பல்லு டகடகன்னு அடிக்கற குளிரு சீமை. அதுவும் இப்ப இல்ல, ஆயிரம் வருஷத்துக்கு முந்தி. அங்க மண்ணெல்லாம் களிமண்ணு. மழை பேஞ்சா காலு சொதக்குன்னு உள்ள போகும். இழுத்தா காலு மட்டும் வரும், செருப்பு வராது. அந்த மண்ணுல சின்ன ஏரெல்லாம் சும்மா கீறல் போட்டுட்டுப் போயிடும். அதனால சக்கரம் வெச்சு, மண்ணைக் கீறற இரும்புக் கொழு வெச்சு, பெரிய்ய கலப்பை ஒண்ணு செஞ்சாங்க. அதை இழுக்க எட்டு மாடு வேணும்.

எட்டு மாடு யார் வீட்ல இருக்கும்? ஒருத்தர் வீட்லயும் இல்ல. வீட்டுக்கு ஒண்ணுதான். அப்போ எட்டு வீட்டுக்காரங்களும் சேர்ந்து, எட்டு மாட்டையும் ஒரே கலப்பையில பூட்டினாங்க. மாடு குடுத்த வீட்டுக்கெல்லாம் நிலத்துல ஒரு பட்டை உழுது குடுக்கணும், மாடு இல்லாத வீட்டுக்குப் பட்டை இல்ல. அது அவங்களே வெச்சுக்கிட்ட கட்டு. ஒவ்வொரு பட்டையும் ரயிலு மாதிரி நீளமா இருக்கும். ஏன்னு கேளு.

"ஏன்?"

எட்டு மாட்டைப் பூட்டிட்டுத் திருப்பிப் பாரு, தெரியும். முன்னாடி மாடு திரும்பிடும், பின்னாடி மாடு என்ன அவசரம்னு நிக்கும், நடுவுல உள்ளது ரெண்டும் மூஞ்சியோட மூஞ்சி முட்டிக்கும். அதுக்குள்ள பொழுது சாஞ்சுடும். அடப் போங்கடா, திருப்பவே வேணாம், நேராப் போவோம்னு விட்டுட்டாங்க.

அப்புறம், அந்த ஊருக்கு ஒரு பிரபு. ஜமீன்தாருன்னு வெச்சுக்கோயேன். நிலம் அவரோடது, காடு அவரோடது, ஆத்துல துள்ளற மீனு கூட அவரோடது. ஊர் ஜனம் முதல்ல அவரு வயலை உழுது குடுத்துட்டுத்தான் தன் பட்டையில கலப்பையை இறக்கணும். கூலி கிடையாது. கேட்டா வழக்கம்னுவாங்க.

அந்த ஊர்ல எம்மலின்னு ஒருத்தி. புருஷன், ரெண்டு சின்னப் புள்ளைங்க. அவங்க மாட்டுக்கு மொரேல்னு பேரு. கன்னங்கரேல்னு இருக்கும். நம்ம ஊரா இருந்தா காரின்னு கூப்பிட்டிருப்போம்.

"ம்."

அறுப்பு முடிஞ்ச கையோட ஒரு காய்ச்சல் வந்துச்சு. எம்மலின் புருஷனைக் கொண்டு போயிடுச்சு. ஊரே வந்து குழி வெட்டி, மண்ணள்ளிப் போட்டு, அவளைக் கைத்தாங்கலா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாங்க. பக்கத்து வீட்லேர்ந்து கஞ்சி வந்துச்சு, எதிர்வீட்லேர்ந்து ரொட்டி வந்துச்சு. உங்க மாமா போனப்ப எனக்கும் அப்படித்தான் வந்துச்சுடி. மூணாவது மாடியிலேர்ந்து அந்த மெஹருன்னிசா அக்கா தினம் ரசம் சாதம் கொண்டு வந்து, நான் சாப்பிடற வரைக்கும் எதுத்தாப்ல உக்காந்திருப்பாங்க. அந்த ரசத்துக்கு இன்னைக்கும் எனக்கு நன்றி சொல்லத் தெரியலை.

சரி, கதைக்கு வரேன். அழுத கண்ணு காயலை, அதுக்குள்ள வாசல்ல டொக் டொக்னு குதிரைச் சத்தம். யாரு? பிரபுவோட மணியக்காரர். அந்தச் சீமையில ஒரு வழக்கம் இருந்துச்சு. வீட்டு ஆம்பளை செத்தா, அந்த வீட்ல இருக்கறதுலயே ஒசத்தியான மிருகம் எதுவோ அது பிரபுவுக்குப் போயிடணும். பாரு நியாயத்தை. எரியற வீட்ல புடுங்கினது லாபம்கறது இதுதான்.

எம்மலின் வீட்ல என்ன இருக்கு? நாலு கோழி, ஒரு மொரேல். மணியக்காரர் கயித்தை அவுத்தாரு. மொரேல் "ம்ம்மா"ன்னு கத்துச்சு. அவ பிரபுவோட கோட்டை வாசல் வரைக்கும் அது கழுத்தைக் கட்டிக்கிட்டே நடந்தா. உள்ள விடலை.

"மாடு திரும்ப வருமா அத்தை?"

இரு, அவசரப்படாதே. மாடு போனா என்ன ஆகும்? மாடு இல்லேன்னா பட்டை இல்ல. பட்டை இல்லேன்னா கோதுமை இல்ல. கோதுமை இல்லாம அந்தக் குளிரைத் தாண்ட முடியாது. ரெண்டு புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு, ஊரை விட்டுப் பிச்சைக்குத்தான் போகணும். எம்மலினுக்கு அது தெரியும். ஆனா ரோஷக்காரி. அவளே நேரா திபோகிட்ட போனா. திபோங்கறவருதான் கலப்பை பிடிக்கற கிழவர், அந்த எட்டு வீட்டுக்கும் பெரிய தலை. கட்டுன்னா கட்டுதான், என் பட்டையை மாடு குடுக்கறவங்களுக்குக் குடுத்துடுங்கன்னுட்டு, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு வந்துட்டா.

மாடு குடுக்க ஆளும் இருந்துச்சு. ரெய்னால்னு ஒருத்தன். அவன் வீட்ல மட்டும் ஒரு மாடு உபரியா இருந்துச்சு. அவன் பட்டைக்கு ஒட்டுனாப்லயே எம்மலினோட பட்டை. ரொம்ப நாளா அது மேல அவனுக்கு ஒரு கண்ணு. கெட்டவன்னு சொல்ல மாட்டேன், கணக்குப் பார்க்கறவன். நான் ரெண்டு மாடு குடுக்கறேன், ரெண்டு பட்டை குடுங்கன்னு கேட்டான்.

மாதா கோயில்ல கூட்டம். ஏழு வீடும் உக்காந்து பேசுச்சு, பேசுச்சு, அப்படிப் பேசுச்சு. மழை வருதே, விதைக்கணுமே, ரெய்னால் மாட்டைப் பூட்டிட்டா வேலை முடிஞ்சுதேன்னு பாதிப் பேரு. கடைசியில திபோ எழுந்திரிச்சாரு. "அவ மாட்டை அவ விக்கலை, தொலைக்கலை. எடுத்துக்கிட்டுப் போனாங்க. எட்டாவது இடம் அவளோடது. அதுல வேற மாடு நிக்காது"ன்னாரு.

அப்புறம் என்ன பண்ணாங்க தெரியுமா? வெளிய வந்து ஒவ்வொருத்தரா அந்தக் கலப்பை மேல கை வெச்சு அப்படியே சத்தியம் பண்ணாங்க. அந்தக் காலத்துல சத்தியம்னா பிரபுவுக்குப் பண்ணுவாங்க, பிரபு ராஜாவுக்குப் பண்ணுவாரு, எல்லாம் மேல பார்த்துத்தான். இவங்க முதல் தடவையா பக்கத்துல நிக்கறவனைப் பார்த்துப் பண்ணாங்க. ரெய்னாலும் வெச்சான், முணுமுணுத்துக்கிட்டே வெச்சான். தூங்கிட்டியா?

"ம்… இல்ல."

மறுநாள் பிரபு வயலை உழணும். ஏழு மாட்டைப் பூட்டினாங்க. "ஹேய்… ஹேய்… ஹேஏஏய்!" கலப்பை கர்ர்ர்னு ரெண்டடி போச்சு, டக்குனு நின்னுடுச்சு. இன்னொரு வாட்டி கர்ர்ர், டக்கு. மூணாவது வாட்டி கர்ரும் இல்ல, வெறும் டக்குதான்.

மணியக்காரர் ஓடி வந்து குதிச்சாரு. ஐயா, எட்டு மாட்டுக் கலப்பை, ஏழு மாடுதான் இருக்கு, நாங்க என்ன பண்ணட்டும்னாரு திபோ. இவ்வளவுதானேன்னு அந்த ஆளு தன் குதிரையை எட்டாவது இடத்துல பூட்டினாரு. மாட்டு நுகத்தைக் குதிரை கழுத்துல வெச்சா அதுக்கு மூச்சு முட்டும், அது ஊர்க் குழந்தைக்குக் கூடத் தெரியும். இவருக்குத் தெரியலை. குதிரை "ஹீஹீஹீ"ன்னு எம்பிக் குதிச்சு, மணியக்காரரைச் சேத்துல தொபுக்கடீர்னு தள்ளிட்டு, கோட்டைக்கே ஓடிப் போயிடுச்சு. சிரி, சிரி. அவங்க சிரிக்கலை. பயத்துல உதட்டைக் கடிச்சுக்கிட்டு நின்னாங்க.

அப்போ மணியக்காரர் ரெண்டாவது வழி பார்த்தாரு. ரெய்னாலைத் தனியாக் கூப்பிட்டு, உன் மாட்டைக் கொண்டு வந்து பூட்டு, அவ பட்டையை உன் பேருக்கு நான் ஆக்கித் தரேன், பிரபு வயல்ல நீ உழவே வேணாம்னு ஆசை காட்டினாரு. ரெய்னால் மனசுக்குள்ள கணக்குப் போட்டான். இவன் ஒருத்தன் சரின்னா மத்த ஆறு பேரு நின்னதெல்லாம் வீணு. எம்மலின் தெருவுல நிக்க வேண்டியதுதான்.

வீட்டுக்குப் போய்ப் பொண்டாட்டிகிட்ட சொன்னான். ஒதில்னு பேரு அவளுக்கு. மாவு பிசைஞ்சுக்கிட்டிருந்தவ, கையை எடுக்காமலே கேட்டா. "அந்தப் பட்டையில விளையற கோதுமையில நான் ரொட்டி சுடணும். அவ புள்ளைங்க வாசல்ல நின்னு அதைப் பார்க்கணும். நீ சாப்பிடுவியா?"

ரெய்னால் மறுநாள் வயலுக்கு வந்தான், ஒரு மாட்டோட வந்தான். உபரி மாடு கொட்டாயிலயே அசை போட்டுக்கிட்டிருந்துச்சு.

"ம்."

மூணாவது வழி. மணியக்காரர் மொரேலையே கொண்டு வந்துட்டாரு. இந்தா உங்க எட்டாவது மாடு, பூட்டி உழுங்கன்னாரு. எல்லார் மூஞ்சியும் செத்துப் போச்சு. மாடு வந்துடுச்சே, இனிமே என்ன சொல்றது? திபோ கிழவர் தாடியைச் சொறிஞ்சாரு. "நல்லது ஐயா. ஆனா மாடு இப்ப பிரபுவோடது. எங்க கலப்பையில மாடு பூட்டறவங்க எங்களோட கையைச் சேர்த்து வெச்சு சத்தியம் பண்ணணும். பிரபுவை வரச் சொல்லுங்க"ன்னாரு.

பிரபு வந்து குடியானவங்களுக்குச் சத்தியம் பண்றதா? சேதி கோட்டைக்குப் போச்சு. பிரபுவே குதிரையில வந்தாரு. வானம் கருக்கலா இருக்கு, வயலு ஒரு சாலு கூடப் போகலை, விதை மூட்டை ஈரம் பாயுது. அடிக்க ஆளு இருக்கு அவர்கிட்ட. ஆனா அடிச்சா உழுது குடுக்கறது யாரு? அப்புறம் எம்மலினை முன்னாடி வரச் சொன்னாரு. மொரேல் கயித்தை நீட்டி, போனாப் போகுது, என் தானமா வெச்சுக்கோ, வாங்கிட்டு வேலையைப் பாருங்கன்னாரு.

கயிறு கைக்கெட்டற தூரத்துல இருக்கு. மொரேல் அவளை மோந்து பார்க்குது. புள்ளைங்க அவ பாவாடையைப் பிடிச்சுக்கிட்டு நிக்குதுங்க. வாங்கிட்டா எல்லாம் சரியாப் போச்சு. அவ கையை நீட்டலைடி.

"ஏன்?"

ஏன்னு அவளே சொன்னா. "ஐயா, தானமா வேணாம். எனக்காக ஏழு வீடு பட்டினிக்குத் துணிஞ்சு நிக்குது. நாளைக்கு அவங்க வீட்ல யாராவது செத்தாலும் மணியக்காரர் வருவாரு. உழவு மாட்டை எந்த வீட்லேர்ந்தும் எடுக்க மாட்டோம்னு சொல்லுங்க. அப்ப வாங்கிக்கறேன்."

அப்போ பின்னாடி சொதக்கு, சொதக்குன்னு ஒரு காலடி. ரெய்னால் வந்து அவ பக்கத்துல நின்னான். அப்புறம் திபோ. அப்புறம் எல்லாரும். ஒரு துளி மழை பிரபு மூக்கு மேல விழுந்துச்சு, பொட்டு. அவரு வானத்தைப் பார்த்தாரு, வயலைப் பார்த்தாரு. சரி, இனிமே உழவு மாடு வேணாம், அதுக்கடுத்து எது ஒசத்தியோ அது போதும்னு சொல்லிட்டு, கயித்தை அவ கையில போட்டுட்டுப் போயிட்டாரு.

எட்டு மாடும் இழுத்துச்சு பாரு. கர்ர்ர்ர்ர்ர்ர்னு மண்ணு பொரண்டு வந்துச்சு. பிரபு வயலு முடிஞ்சுது, எட்டுப் பட்டையும் முடிஞ்சுது, அதுக்கப்புறம் பிடிச்ச மழை தை மாசக் குளிரு வரைக்கும் நிக்கலை.

அப்புறம் அந்தச் சேதி அடுத்த ஊருக்குப் போச்சு. அவங்களும் அவங்க கலப்பை மேல கை வெச்சாங்க. சந்தைக்கு வந்த நெசவுக்காரங்க கேட்டுட்டுப் போயி, அவங்க பட்டணத்துல ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சத்தியம் பண்ணிக்கிட்டாங்க. இப்படியே ஊரும் பட்டணமும் சேர்ந்து சேர்ந்து, ஒரு காலத்துல ராஜாவே, என்னப்பா, இப்படிச் செய்யலாமான்னு அவங்களைக் கேட்க வேண்டியதாயிடுச்சு. நீ கலர் அடிச்சியே, அதெல்லாம் அதுக்கப்புறம் வந்ததுதான். எனக்கு அப்படித்தான் தோணுது. உங்க டீச்சர்கிட்ட போய் அத்தை சொன்னான்னு எழுதி வெச்சுடாதே.

"ம்…"

பாதிக் கண்ணு சொருகிடுச்சு. இன்னும் கொஞ்சம்தான். பல வருஷம் ஆச்சு. எம்மலின் புள்ளைங்க பெருசாச்சு. ஒரு நாள் ரெய்னால் செத்துப் போனான். வாசல்ல டொக் டொக். மணியக்காரர் வந்தாரு. கொட்டாயில ரெண்டு மாடு நிக்குது. ரெண்டையும் பார்த்தாரு, பேசாம ஒரு வாத்தைப் பிடிச்சு அக்குள்ள இடுக்கிக்கிட்டாரு. அது "குவாக் குவாக்"னு கத்திக்கிட்டே போச்சு.

அப்போ ஒதில் அழுதுக்கிட்டே எம்மலின் வீட்டுக்கு வந்தா. வந்து அவ ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, நன்றி சொல்லப் பார்த்தா, சொல்லத் தெரியலை. எம்மலின் அவளைக் கட்டிக்கிட்டுச் சொன்னா.

"நீ எதுக்கு எனக்கு நன்றி சொல்றே ஒதில்? அன்னைக்கு உங்க வீட்டு மாடு கொட்டாயிலயே நின்னுச்சே. அதுக்கு நான் இன்னும் சொல்லி முடிக்கலை."

அவ்வளவுதான் முகிலா. மாடெல்லாம் கொட்டாய்க்குப் போச்சு, கதையும் போய்ப் படுத்துக்கிச்சு. நீயும் தூங்கு.