மூன்று பேர் காத்த கடவுச்சொல்

முகாமின் கடைசி நாள் காலை பத்து மணிக்குச் செம்மேட்டுப்பட்டிப் பிள்ளைகளின் கம்ப்யூட்டர் திறக்கவில்லை. கெட்டுப்போகவில்லை. நன்றாகத்தான் இருந்தது. கடவுச்சொல் கேட்டது, சொல்ல ஆளில்லை.

கோடை விடுமுறையில் டவுன் காலேஜில் இலவச முகாம். இணையத் திருடர்களிடமிருந்து தப்புவது எப்படி என்று ஆறு நாள் பாடம். மதியச் சாப்பாடும் உண்டு. செம்மேட்டுப்பட்டியிலிருந்து பத்தாவது முடித்த மூன்று பேர் போனார்கள்: குணாளன், எஸ்தர், ஜோதிலிங்கம். அந்த ஊரில் சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். அதுதான் அந்த ஊரின் வியாதி.

குணாளனுக்கு இது விளையாட்டல்ல. சர்டிபிகேட் கொண்டுவந்தால் பதினொன்றாவதில் கம்ப்யூட்டர் குரூப், இல்லாவிட்டால் பெரியப்பாவின் கோழிப்பண்ணை என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். குணாளனுக்குக் கோழி என்றால் பயம். கோழிகளுக்கும் அது தெரியும்.

கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதே, கூட்டாளியிடம்கூடச் சொல்லாதே, எங்கும் எழுதி வைக்காதே என்றார் சகாயராஜ் சார், முதல் நாளே. மற்ற பிள்ளைகள் தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். இவர்கள் சோற்றைத் தொடவில்லை. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர்.

"ஒருத்தர் வச்சா மத்த ரெண்டு பேருக்கும் தெரியக் கூடாது. தெரியாம எப்படித் திறக்கிறது?" என்றாள் எஸ்தர்.

"ஆளுக்கு நாலு எழுத்து வைப்போம்," என்றான் ஜோதிலிங்கம். "என் நாலு என்னோட. உன் நாலு உன்னோட. முழுசு யாருக்கும் தெரியாது."

"நமக்குமா?"

"நமக்குந்தான். திருடன் அடிச்சுக் கேட்டாக்கூட நம்மால சொல்ல முடியாது பாரு."

குணாளனுக்கு மெய்சிலிர்த்தது.

அன்றிலிருந்து காலையில் அதுதான் முதல் வேலை. ஒருவர் தட்டும்போது மற்ற இருவரும் சுவரைப் பார்த்து நின்று காதைப் பொத்திக்கொள்வார்கள். முதல் நாலு குணாளன், நடு நாலு ஜோதிலிங்கம், கடைசி நாலு எஸ்தர். இப்படித் திறந்து திறந்து பத்துப் பக்கம் தயாரித்தார்கள். தலைப்பு, 'கடவுச்சொல்லைக் காப்பது எப்படி'. ஆறாம் நாள் பன்னிரண்டு மணிக்குப் பிரின்சிபால் வந்து பார்ப்பார். காட்டியவர்களுக்குத்தான் சர்டிபிகேட்.

அந்த ஆறாம் நாள் பார்த்து ஜோதிலிங்கத்தின் அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில்லாமல் காது குத்த முடியுமா? அவன் கோயிலுக்குப் போய்விட்டான். நடு நாலு எழுத்தும் கூடவே போய்விட்டன.

சார் கையை விரித்தார். கம்ப்யூட்டர்கள் இரவல். வேறு வழியில் திறக்க வேண்டுமானால் கொடுத்த கம்பெனிக்காரர்கள் சென்னையிலிருந்து வர வேண்டும்.

குணாளன் ஜோதிலிங்கத்துக்குப் போன் போட்டான். மேளச் சத்தத்துக்கு நடுவே "யாரு?" என்றது குரல்.

"நான்தான்டா குணா. அந்த நாலு எழுத்து..."

போன் வைக்கப்பட்டது. போனில் யார் கேட்டாலும், தெரிந்த குரலே ஆனாலும், பேசாமல் வைத்துவிடு என்பது மூன்றாம் நாள் பாடம். எஸ்தர் கேட்டாள். வைத்தான். சாரே கேட்டார். சார் போனை வைத்ததோடு விடவில்லை, அவர் நம்பரைப் பிளாக்கும் செய்தான்.

"நல்லாத்தான் சொல்லிக் கொடுத்திருக்கேன்," என்றார் சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு.

பதினொன்றரைக்கு ஜோதிலிங்கம் பட்டு வேட்டியோடு தானே வந்து சேர்ந்தான். குணாளனுக்குப் போன உயிர் திரும்பியது. மூவரும் வரிசையாகத் தட்டினார்கள். தவறு என்றது கம்ப்யூட்டர்.

"டேய், சரியாத் தட்டினியா?" என்றான் குணாளன்.

"சரியாத்தான் தட்டினேன். புது எழுத்து."

"புதுசா?"

"எவனோ மூணு பேர் மாத்தி மாத்திப் போன் பண்ணி என் நாலு எழுத்தையும் கேட்டானுங்க. சந்தேகம் வந்தா உடனே மாத்தணும்னு சார் சொன்னாரில்ல? பிள்ளை மடியில அழுதுக்கிட்டிருக்கு. அங்கேயே மனசுக்குள்ள மாத்திட்டேன்."

"மாத்தினதைக் கம்ப்யூட்டர்கிட்ட சொன்னியா?"

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுல்ல?"

எஸ்தர் கொஞ்சம் யோசித்தாள். "அதுவும் நியாயந்தான்," என்றாள்.

பழைய எழுத்து என்னடா என்று சார் கேட்டார். பழையதை மறுபடி எடுக்கக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள், அதனால் பஸ்ஸிலேயே மறந்துவிட்டேன் என்றான். மணி பதினொன்று ஐம்பது. பிரின்சிபால் பக்கத்து அறைவரை வந்துவிட்டார். குணாளன் காதில் கோழிகள் கொக்கரித்தன.

அந்த நேரத்தில் கேண்டீன் அம்மாள் மாரிக்கண்ணு டீ கேனோடு உள்ளே வந்தாள். என்ன எல்லாரும் இழவு வீடு மாதிரி நிற்கிறீர்கள் என்று கேட்டாள். சார் விஷயத்தைச் சொன்னார். அவள் கேனைக் கீழே வைத்துவிட்டுப் பன்னிரண்டு எழுத்தையும் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். சார் தட்டினார். திறந்துகொண்டது.

"கீபோர்டுல எழுத்து எங்க இருக்குன்னு தெரியாம ஒவ்வொண்ணாக் கத்திக் கத்தித் தேடுதுங்க. வராண்டா பூரா கேக்குது," என்றாள் அவள். "கூட இருக்கிறதுங்கதான் காதைப் பொத்திக்குதுங்க."

ஜோதிலிங்கம் மட்டும் அவளிடம் அடையாள அட்டை கேட்டான். யாரும் கண்டுகொள்ளவில்லை.

பிரின்சிபால் பத்துப் பக்கத்தையும் பார்த்தார். மெச்சினார். கையெழுத்துப் போட்டார். குணாளன் சர்டிபிகேட்டைச் சட்டைக்குள் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டான்.

ஆனால் வெளியாள் ஒருத்திக்குக் கடவுச்சொல் தெரிந்துவிட்டதே, மாற்றாமல் விடலாமா? சாயங்காலம் கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதனாலென்ன? கதவைச் சாத்தினார்கள். ஆளுக்கு நாலு எழுத்து, இருவர் சுவரைப் பார்த்து, காதைப் பொத்திக்கொண்டு. இந்தத் தடவை ஒரே ஒரு திருத்தம். யாராவது மறந்தால் எடுத்துச் சொல்லட்டும் என்று, கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள், கேண்டீன் மாரிக்கண்ணுவை.