நாவரசு கேட்ட கேள்வி

மடத்து அடிகளின் பதில்களுக்கு அந்த வட்டாரத்தில் அப்படி ஒரு பெயர். கேட்டவர் வாயை மூடுவதற்குள் பதில் வந்து விழும். சபை சிரித்து ஓயச் சற்று நேரமாகும். மூத்த சீடர் குழந்தைவேல் அவற்றையெல்லாம் எழுதி வைத்துப் புத்தகமாகவே போட்டுவிட்டார். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒரு நாள் காலை அரசாங்க மறுவாழ்வு மையத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பத்மாவதி என்று பெயர். நன்றாக உட்காரச் சொல்லியும் நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்தார்.

“ஒரு தீவிரவாதக் கும்பல்லேர்ந்து மீட்டுக் கொண்டாந்த பையன், சாமி. பேரு நாவரசு. ஏன்ப்பா அவங்களோட சேர்ந்தேன்னு கேட்டோம். ‘நான் சொன்னதை அவங்க காது குடுத்துக் கேட்டாங்க’ன்னான். அதுக்கப்புறம் நாலு மாசமா வாயே திறக்கலை. டாக்டர் பேசிப் பாத்தாச்சு, பெத்தவங்களும் அழுது பாத்தாச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள பேசலேன்னா, திருந்தலைன்னு எழுதி ஜெயிலுக்கு அனுப்பிடுவாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

“எந்த நாவரசு? செங்கச்சூளைக்காரர் மகனா?”

“ஆமா சாமி. தெரியுமா?”

அடிகள் பதில் சொல்லவில்லை. குழந்தைவேலுக்கு அதுவே ஆச்சரியமாக இருந்தது.

ஜீப்பில் போகும்போது குழந்தைவேல் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார்.

“அவன்கிட்ட என்ன சொல்லப் போறீங்க, சாமி?”

“அவன் முன்னாடி நம்ம சபைக்கு வந்திருக்கான். எழுந்து நின்னு ஒண்ணு கேட்டான். குரல் நடுங்குச்சு. நீ எழுதியிருப்பே, பாரு.”

குழந்தைவேல் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். இருந்தது. ஓர் இளைஞனுக்கு அடிகள் சொன்னது: ‘முதல்ல மீசை முளைக்கட்டும் தம்பி, உலகத்தை அப்புறம் திருத்தலாம்.’ படித்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடிகளின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனது.

“அவன் கேட்டதைப் படி.”

பக்கத்தை முன்னும் பின்னும் திருப்பினார் குழந்தைவேல்.

“நான் பதிலை மட்டுந்தான் எழுதுவேன், சாமி.”

சொல்லும்போதே அவருக்குக் காது சுட்டது. பேனாவை மூடிப் பையில் வைத்தார்.

மையத்தில் நாவரசு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். யார் வந்திருப்பது என்று தெரிந்தும் திரும்பவில்லை. அடிகள் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“அன்னிக்கு நீ என்ன கேட்டேன்னு எனக்கு ஞாபகம் இல்லப்பா. எல்லாரும் சிரிச்சது ஞாபகம் இருக்கு. நானும் சிரிச்சேன். உன் முகத்தைப் பாக்கவே கூசுது. இன்னொரு தடவை கேக்கறியா?”

நாவரசு மெல்லத் திரும்பினான்.

“பதில் வச்சிருக்கீங்களா?”

“இல்லை” என்றார் அடிகள்.