செவலைக்குச் சடை விழுந்தது

தென்காசிப் பக்கம், மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம். அதன் தலைவி குமுதவல்லி அம்மைக்கு வயது நாற்பத்தைந்து. மூத்த சீடர் மாசிலாமணிக்கோ அறுபது தாண்டிவிட்டது. பன்னிரண்டு வருடமாகத் தியான மண்டபத்தின் முதல் வரிசையில் சம்மணம் போட்டு உட்காருகிறவர். உடம்பு அசையாது. மனசு மட்டும் ஊரெல்லாம் சுற்றிவிட்டு, முடிவு மணி அடிக்கும்போதுதான் வீடு திரும்பும்.

அம்மை ஒரு மாதம் வெளியூர் போயிருந்தார். திரும்பிய அன்றே மாசிலாமணி போய் நின்றார்.

"அம்மா, ஒரு சந்தேகம். நம்ம செவலைக்குக் கிடைச்சது எனக்கு ஏன் கிடைக்கலை?"

செவலை மடத்துப் பூனை. பதினாலு வயது. சமையலறைப் பரணில் ஏறிப் பால் திருடி அது வாங்காத திட்டு இல்லை.

"அதுக்கு என்ன கிடைச்சுது?"

"ஞானம்."

மாசிலாமணி கேலி பேசுகிற ஆள் இல்லை. விரல் மடக்கிச் சொன்னார். செவலை இப்போது பரண் ஏறுவதில்லை. பால் வைத்தால் மோந்து பார்த்துவிட்டு விட்டுவிடுகிறது, அது உபவாசம். எலி முன்னால் ஓடினாலும் எழுந்திருப்பதில்லை, அது கொல்லாமை. நாள் முழுக்கத் தூணடியில் கண்ணை இடுக்கிக்கொண்டு ஒரே இருப்பு. உடம்பை நக்கித் துடைப்பதையும் விட்டுவிட்டது.

"பின்பக்கமெல்லாம் ரோமம் சிக்குப் பிடிச்சுச் சடையே விழுந்திருச்சும்மா. நாங்க எல்லாரும் அதுக்குத் திருநீறு பூசிக் கும்பிட்டுட்டுத்தான் உக்காருதோம்."

 அம்மை போய்த் தூணடியில் தரையிலேயே உட்கார்ந்தார். வெகுநேரம் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் மூன்று கோடு திருநீறு. காதுகள் பக்கவாட்டில் சாய்ந்திருந்தன. முதுகு கூனியிருந்தது. தலையிலிருந்து மெல்லத் தடவிக்கொண்டே போனார். கை இடுப்புக்கு வந்ததும் செவலை சீறித் திரும்பி விரலைக் கடித்தது.

மாசிலாமணி ஓடி வந்தார்.

"தவம் கலைஞ்சிருச்சேம்மா."

"டாக்டரைக் கூப்பிடுங்க."

"உங்க கைக்கா?"

"கைக்கு நான் போய்க்கிடுதேன். மொதல்ல மாட்டாஸ்பத்திரி டாக்டர்."

டாக்டர் வந்து செவலையின் கால்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"இடுப்பு மூட்டு தேய்ஞ்சு போச்சு. ரொம்ப வலிச்சிருக்கும்."

"ஒரு தடவைகூடக் கத்தலையே" என்றார் மாசிலாமணி.

"வலிச்சாப் பூனை பெரும்பாலும் கத்தாது. இப்படித்தான் சும்மா கிடக்கும்."

மாசிலாமணி செவலையின் சடையைப் பார்த்தார். உபவாசம், கொல்லாமை, சடை எல்லாம் ஒரு மூட்டு வலியா? என்ன செய்வதென்று தெரியாமல் மடியிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை உருவினார்.

"இதுல பாதி குடுப்போமா? மூட்டுக்கு நல்லாக் கேக்கும்."

டாக்டர் அவர் கையைத் தள்ளினார். "மனுஷ மாத்திரையைக் குடுத்துராதீங்க. பூனைக்கு அது விஷம். செத்தே போயிரும்."

அவர் வேறு மருந்து கொடுத்து, அளவும் சொல்லிவிட்டுப் போனார். அம்மை மட்டும் பாதி காலியான அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் அம்மை பரணுக்குச் சாய்வாக ஒரு பலகை வைக்கச் சொன்னார். வெயில் விழும் இடத்தில் கம்பளியை மடித்துப் போட்டார். சாப்பாட்டுக் கிண்ணத்தைப் படுக்கைக்குப் பக்கத்திலேயே வைத்தார். சடையை நோகாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தரிக்க நாலு நாள் ஆயிற்று.

இரண்டு வாரம் கழித்து, காலைத் தியானத்தின்போது பரணில் ஏதோ பாத்திரம் உருண்டது. வாயில் பாலோடு செவலை மண்டபத்துக்குள் நடந்து வந்து, மாசிலாமணியின் வேட்டியில் நகம் தீட்டியது. எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு அழுகைதான் வந்தது. சந்தோஷமா, ஏமாற்றமா என்று அவருக்கே தெரியவில்லை.

மணி அடித்து எல்லோரும் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"அம்மா, அப்ப நான் ஒரு மாசமாக் கும்பிட்டது அதோட வலியவா?"

"ஆமா."

"நிம்மதியா இருக்கவனும் அசையாம இருக்கான். வலியில இருக்கவனும் அசையாம இருக்கான். பாக்க ஒண்ணுபோல இருந்தா, எதை வச்சுத்தான் கண்டுபிடிக்கது?"

அம்மை எழுந்து உள்ளே போனார். ஒரு மர நாற்காலியைத் தூக்கி வந்து முதல் வரிசையில், அவருடைய இடத்துக்குப் பக்கத்தில் போட்டார்.

"யாருக்கும்மா இது?"

"உங்க முழங்காலுக்கு."

மாசிலாமணியின் கை தானாக மடியைத் தொட்டது.

"நான் யார்ட்டயும் சொல்லலியே."

"செவலை தன் வலியைக் கடிச்சுச் சொல்லிருச்சு" என்றார் அம்மை. "நீங்க பன்னெண்டு வருசத்துல ஒரு தடவைகூடக் கடிக்கலையே ஐயா."