அம்பலவாணர் துறந்த நடை

அம்பலவாணர் மின்வாரியத்தில் காலமெல்லாம் கம்பம் ஏறியவர். உச்சியிலிருந்து ஒரு நாளும் விழாத மனிதர், ஓய்வு பெற்று மடத்தில் வந்து சேர்ந்த பிறகு, குளியலறை ஈரத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்பில் முறிவு. தொடையெலும்பின் உச்சியில் உடைந்துபோன பந்து போன்ற முனையை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்றைப் பொருத்தினார்கள். பந்து புதிது, அது உட்காரும் குழி பழையது. மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்கச் சொன்னார் டாக்டர். நின்றார். அதோடு சரி.

மடத்துக்குத் திரும்பியதும் கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பிசியோதெரபி செய்ய வந்த மெர்லினிடம், நடக்கும் ஆசையெல்லாம் விட்டாயிற்று என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். அதைக் கேட்ட மற்ற சீடர்களுக்குப் புல்லரித்தது. இப்படியும் ஒரு வைராக்கியமா என்று வந்து கும்பிட ஆரம்பித்தார்கள். அவருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

யாத்திரை போயிருந்த குரு திரும்பி வந்தார். அம்பலவாணரைவிட வயதில் சின்னவர். மெர்லின் அவரிடம் ஒளிக்காமல் சொன்னாள்: இப்படியே படுத்திருந்தால் தசையெல்லாம் கரைந்துவிடும், பிறகு யார் நினைத்தாலும் இவரை எழுப்ப முடியாது.

குரு கட்டிலருகே வந்து உட்கார்ந்தார்.

"நடக்குற ஆசையை விட்டுட்டீங்களாமே?"

"ஆமா சாமி. நடந்தவரைக்கும் போதும்."

"எப்ப விட்டீங்க?"

"ஆஸ்பத்திரியில. வாக்கரைப் புடிச்சு நின்னப்ப."

"நின்னப்ப என்ன ஆச்சு?"

அம்பலவாணர் சுவரைப் பார்த்தார். ஊருக்கெல்லாம் சொன்னதை இவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

"கால் வெடவெடன்னு ஆடிச்சு சாமி. இன்னொரு தடவை விழுந்தா அவ்வளவுதான்னு தோணுச்சு."

குரு சிரிக்கவில்லை. மூலையில் தூசி படிந்து நின்ற வாக்கரைத் தூக்கி வந்து, தன் மேல்துண்டாலேயே துடைத்து, கட்டிலுக்கு முன்னால் வைத்தார். மெர்லின் வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள்.

அம்பலவாணருக்கு வெட்கமாக இருந்தது. இருந்தும் கேட்டார்.

"இத்தனை பயத்தோட நடக்குறதுக்கு, விட்டுடறதே மேல் இல்லையா சாமி?"

"தாராளமா விடலாம்" என்றார் குரு. "ஆனா உங்ககிட்ட இல்லாததை எப்படி விடுவீங்க? வாசல் வரைக்கும் நடந்து வாங்க. வந்ததுக்கப்புறமும் வேண்டாம்னு தோணுச்சுன்னா, அங்கயே விட்டுடுங்க."